சால்வைக்குப் பிறகு: கொல்லிமலைப் பள்ளிகளும் புதிய ஆசிரியர்களும்

கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் புதிய ஆசிரியர் பணியேற்கும் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. நாமக்கல்லிலிருந்தோ சேந்தமங்கலத்திலிருந்தோ காலைப் பேருந்து, காரவள்ளி அடிவாரம், எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தலைமையாசிரியர் அறையில் பணியேற்பு அறிக்கை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பெயர் ஏற்றம். இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு சால்வை, பிள்ளைகளின் கைதட்டல். மூன்றாம் பாடவேளைக்கு எட்டாம் வகுப்புக்குள் அவர் தனியாக நுழைகிறார். வரவேற்பு அத்துடன் முடிந்தது.

சமவெளிப் பள்ளிக்கு இது போதும். அங்கே தெரியாததைப் பக்கத்து டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மலையில் அப்படி முடியாது. பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என ஊராட்சிகளின் பெயரிலேயே பழைய நாட்டமைப்பு நிற்கிறது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மலையாளி எனப்படும் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. மாநிலத்துப் பழங்குடியினரிடையே 54. இந்த இடைவெளியை அடைக்க அரசு நம்பியிருப்பது உண்டு உறைவிடப் பள்ளிகளை. அப்பள்ளிகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியரை ஏற்று, பழக்கி, நிலைநிறுத்த நம்மிடம் இருக்கும் வழிகள் தேறுமா என்பதே இங்கே கேள்வி.

எடைபோட மூன்று உரைகல் வைத்துக்கொள்வோம். முதலாவது மொழி: ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் வாய்க்கு வரும் பேச்சில் கேட்கும் கேள்வி ஆசிரியருக்கு முதல் மாதத்திலேயே புரிகிறதா? இரண்டாவது இருப்பு: அவர் மூன்று ஆண்டாவது மலையில் இருப்பாரா, மாலை நான்கு மணிக்குப் பிறகும் இருப்பாரா? மூன்றாவது பாடம்: தன் பாடத்தில் அவருக்குப் பிடிப்பு உண்டா? பாட அறிவையே முதலில் வைக்க வேண்டும் என்பார்கள் பலர். உறைவிடப் பள்ளியைப் பொறுத்தவரை நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். பாடத்தில் உள்ள குறையைப் பயிற்சியும் புத்தகமும் ஓரளவு ஈடுகட்டும். கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

பதிவேட்டில் இல்லாதவை

புதிதாக வருபவருக்கு என்னதான் தெரிய வேண்டும்? மூன்று சிறு விஷயங்களைப் பார்ப்போம்.

வகுப்பின் சாதிச் சான்றிதழ் விவரங்களை எமிஸில் சரிபார்க்கச் சொல்கிறார்கள். பிள்ளையின் சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருக்கிறது. “அப்பா கேரளாவா?” என்று கேட்கிறார் வெளியூர் ஆசிரியர். இன்னொரு பிள்ளையின் தாத்தா பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று வருகிறது. கொங்குப் பகுதியிலிருந்து வந்தவருக்கு உடனே சந்தேகம். இம்மலை மக்கள் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வதும், ஊர்ப் பெரியவரை ஊர்க்கவுண்டர் என்பதும் பழைய வழக்கம். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல்லில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். அதே பெயர் கொண்ட மக்கள் ஈரோடு மாவட்டத்து மலைகளில் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துவருகிறார்கள். இந்தப் பின்னணி தெரியாதவர் விளையாட்டாகக் கேட்கும் ஒரு கேள்வி பிள்ளைக்கு அவமானமாகிறது. ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் கல்வி உதவித்தொகையே நின்றுபோகும்.

அடுத்தது வருகை. கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிப்பு. அதை ஒட்டியே சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளில் அறுவடை. வீட்டில் ஆள் போதாது. ஊருக்குப் போன பிள்ளை வாரக் கணக்கில் திரும்பவில்லை என்றால் புதியவர் ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று எழுதிவைப்பார். மலையை அறிந்தவர், பறிப்பு எப்போது முடியும் என்று வீட்டில் விசாரித்து, விடுபட்ட பாடத்தை எந்த வாரத்தில் எடுப்பது என்று திட்டமிடுவார்.

மூன்றாவது பேச்சு. கொல்லிமலைப் பிள்ளையின் தாய்மொழி தமிழ்தான். ஆனால் மலைக்கென்று ஒலியும் சொல்லும் இழுப்பும் உண்டு. வகுப்பில் அதைக் கேட்டுச் சிரிப்பவர் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளை அல்லர், வெளியூர் ஆசிரியர். ஒருமுறை சிரித்தால் போதும், அந்த ஆண்டு முழுக்க அந்த வரிசையிலிருந்து கை உயராது.

இவை எந்த ஆணையிலும் கையேட்டிலும் இல்லை. ஆள் ஒருவர் சொன்னால்தான் தெரியும். அந்த ஆளை அமர்த்தாத வரவேற்பு, சால்வையோடு நின்றுபோன வரவேற்புதான்.

டில்லியின் வழி

ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் 1997-98இல் தொடங்கின. பழங்குடியினர் பாதிக்கு மேலாகவும், எண்ணிக்கையில் 20,000க்குக் குறையாமலும் வாழும் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு பள்ளி என்று 2018-19இல் கொள்கை விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, பள்ளிக்கு 480 பிள்ளைகள். கொல்லிமலையில் செங்கரையில் ஒன்று இருக்கிறது. இவற்றை மேற்பார்க்க ஒன்றிய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தது. 2023 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை, 740 பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியர்களும் பணியாளர்களும் எடுக்கப்படுவார்கள் என்றது. அந்த ஆண்டே நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு. அதில் இந்தி அறிவு கட்டாயம்.

2024 நடுப்பகுதியில் விளைவு செய்தியானது. வட மாநிலங்களிலிருந்து தென் மாநிலப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பலர் மொழியும் உணவும் பிடிபடாமல் ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டார்கள். தெலங்கானாவுக்கு வந்த புதிய பள்ளி முதல்வர்களில் பெரும்பாலோர் இந்தி பேசும் மாநிலத்தவர். அரசுத் தரப்பின் பதில் இது: கேந்திரிய வித்யாலயாவிலும் நவோதயாவிலும் இதே நடைமுறைதான், வருபவர்கள் இரண்டு ஆண்டுக்குள் வட்டார மொழியைக் கற்றுக்கொள்வார்கள்.

இந்த வழிக்கு உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களை வைத்துக் காலம் தள்ளிய பள்ளிகளுக்கு நிரந்தர ஆசிரியர் வந்தார்கள். பொதுத்தேர்வு என்பதால் உள்ளூர்ச் சிபாரிசுக்கு இடம் குறைந்தது. ஊதியம் ஒழுங்கானது, வளாகத்திலேயே குடியிருப்பு என்பது திட்டத்தில் உண்டு. பாடம் என்ற மூன்றாவது உரைகல்லில் இது தேறுகிறது.

அரசுத் தரப்பு சொன்ன ஒப்புமை மட்டும் நிற்கவில்லை. கேந்திரிய வித்யாலயா, ஊர் ஊராக மாறிச் செல்லும் ஒன்றிய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக உருவானது. அங்கே நாடெங்கும் ஒரே மொழி ஏற்பாடு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செங்கரைக்கு வரும் பிள்ளை மாற்றலாகி வந்தவன் அல்லன், பக்கத்து நாட்டிலிருந்து வந்தவன். நவோதயாவிலோ ஏழு அல்லது எட்டாம் வகுப்புவரை வட்டார மொழியே பயிற்றுமொழி என்பது கொள்கை. துணைக்கு அழைத்த சாட்சியே எதிர்ச்சாட்சி சொல்கிறது.

‘இரண்டு ஆண்டு’ என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பணியாளரின் பார்வையில் அது நியாயமான அவகாசம். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அது ஆறும் ஏழும். வீட்டைவிட்டு முதன்முதலாக விடுதிக்கு வந்து, ஆங்கிலவழி அறிவியலையும் கணக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் அவை. ஏழாண்டுப் பள்ளிவாழ்வின் அடித்தளம் முழுக்க ஆசிரியர் மொழி கற்கும் பயிற்சிக்களமாகிறது. முதல் உரைகல்லில் இவ்வழி தோற்கிறது. மாறுதல் விண்ணப்பங்கள் குவிந்ததால் இரண்டாவதிலும் தோற்கிறது.

சென்னையின் வழி

மாநில அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பள்ளிக்கல்வித் துறைப் பள்ளிகளிலும் மொழிச் சிக்கல் இவ்வளவு கூர்மையானதில்லை. வருபவர் தமிழர், ஓரிரு மாதத்தில் மலைப்பேச்சு பழகிவிடும். இங்கே இடறுவது இருப்பு. மாறுதல் கலந்தாய்வில் மலைப் பணியிடத்தை விரும்பி எடுப்பவர் குறைவு. புதிதாக நியமனமானவர் வேறு வழியின்றி ஏறிவருகிறார். விதி அனுமதிக்கும் முதல் வாய்ப்பிலேயே விடுவிப்பு ஆணையோடு இறங்குகிறார். குடும்பம் ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இருந்தால் அன்றாடம் போய்வருவார். கடைசிப் பேருந்தின் நேரம் அவருடைய பாடவேளையை நிர்ணயிக்கும். உறைவிடப் பள்ளியில் பாதிப் படிப்பு மாலையிலும் இரவிலும் நடக்கிறது. அந்நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர் பெரும்பாலும் காப்பாளரும் சமையலரும் மட்டுமே.

இதற்கு மறுபக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலிப் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவே ஆள் தேடும், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை. இடைநிலை ஆசிரியருக்கு ரூ. 7,500, பட்டதாரிக்கு ரூ. 10,000, முதுநிலைக்கு ரூ. 12,000 என்று அறிவித்த தொகுப்பூதியம், எதிர்ப்புக்குப் பிறகு 12,000, 15,000, 18,000 ஆனது. மலையில் பிறந்து, சேலத்திலோ நாமக்கல்லிலோ பி.எட். முடித்துத் திரும்பிய ஓர் இளம்பெண்ணை எண்ணிப்பாருங்கள். பேச்சு தெரியும், வீடு பக்கத்தில், எந்த நாட்டில் எப்போது அறுவடை என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு உரைகல்லில் தேறும் அவருக்குக் கிடைப்பது தற்காலிக வேலை; நிரந்தரப் பணியாளர் வந்த அன்றே அது போய்விடும்.

ஆக மாநில வழியில் சம்பளம் வாங்குபவர் தங்குவதில்லை, தங்குபவருக்குச் சம்பளமில்லை. தேவையான இரண்டு பாதிகளும் கையில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வகுப்பறையில் நிறுத்தும் ஏற்பாடுதான் இல்லை.

துணையாளர் என்ற மூன்றாவது வழி

அந்த ஏற்பாட்டை முயன்ற இடங்கள் உண்டு. மூன்றைப் பார்ப்போம்.

கேரளம் 2017இல் வயநாட்டில் ‘கோத்ரபந்து’ திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த, ஆசிரியப் பயிற்சி முடித்த 241 பேர் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளின் வீட்டுமொழிக்கும் பாடநூல் மலையாளத்துக்கும் இடையில் பாலமாவது அவர்கள் வேலை. ஆயா வேலைக்கோ, ஓடிப்போன பிள்ளையைப் பிடித்துவரவோ ஆள் எடுக்காமல் தகுதியுள்ள ஆசிரியராகவே எடுத்தது இதன் பலம். நிரந்தரம் தராதது பலவீனம். தொடக்கப் பள்ளியோடு நின்றதால் நாம் பேசும் மேல்வகுப்புகளுக்கு இது அப்படியே பொருந்தாது.

இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிகளுக்கு 2014-15 வாக்கில் ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள், தமிழ் பேசுபவர்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு, பின்பு 10,000. பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியர் சேவைக்குள் வர அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ‘உதவி’ என்று பெயர் வைத்துவிட்டால் குறைந்த கூலிக்கு முழு வேலை வாங்கலாம் என்ற எண்ணம் அரசுகளுக்கு எளிதில் வரும் என்பதற்கு இது எச்சரிக்கை.

ஜப்பான் 1987இல் ‘ஜெட்’ திட்டத்தை நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கியது. ஆங்கிலம் பேசும் இளைஞர்களை அரசுப் பள்ளிகளில் துணை மொழியாசிரியராக அமர்த்தும் திட்டம் அது. வந்திறங்கியதும் அறிமுகப் பயிற்சி. பிறகு வேலைபார்க்கும் இடத்தில் பொறுப்பாளராக ஓர் உள்ளூர்க்காரர். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது வரை அவர் பார்த்துக்கொள்வார். வகுப்பில் ஜப்பானிய ஆசிரியரும் துணையாளரும் சேர்ந்து பாடம் எடுப்பதாக ஏற்பாடு. இதிலும் குறை உண்டு: பல பள்ளிகளில் துணையாளரை உச்சரித்துக் காட்டும் உயிருள்ள ஒலிப்பதிவுக் கருவியாக மட்டும் பயன்படுத்தினார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. ஆனாலும் வரவேற்பு என்பதைப் பொறுப்பும் ஆளும் குறித்த அலுவலகப் பணியாக வைத்த விதம் நமக்குத் தேவை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் துணையாளருக்கு மூன்று நிபந்தனை கிடைக்கிறது. தகுதி இருக்க வேண்டும், பணி உறுதி இருக்க வேண்டும், வகுப்பில் அவருக்கென்று வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவர் எடுபிடியாகிவிடுவார்.

வெளியாளா, உள்ளூராளா?

‘அப்படியானால் மலைக்காரரையே ஆசிரியராக்கிவிடலாமே, வெளியாள் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. உணர்ச்சியளவில் இதில் நியாயம் இருக்கிறது, நடைமுறையில் முழுமை இல்லை. மேல்நிலை வகுப்பின் இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாவற்றுக்கும் சுமார் நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு மலையிலிருந்தே ஆள் தேடுவது இன்றைக்கு ஆகாது. தன் ஊரைத் தாண்டிய ஒருவரிடம் படிப்பதும் பிள்ளையின் உரிமைதான். பழங்குடிப் பிள்ளைக்குப் பழங்குடி ஆசிரியர் மட்டும் என்பது கரிசனம் போலத் தொடங்கி ஒதுக்கிவைப்பதில் போய் முடியலாம்.

வெளியாள் மலைக்கு ஆகாதவர் என்பதற்கு எதிராகக் கொல்லிமலை வரலாற்றிலேயே ஒரு பெயர் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913இல் மணமுடித்து இம்மலையில் குடியேறினார்கள். இருவரும் மலையேறுமுன்பே தமிழ் பயின்றவர்கள். பள்ளி நடத்தினார்கள், மருந்து கொடுத்தார்கள், தச்சும் பயிரும் கற்றுக்கொடுத்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். முதுமையில் மீண்டும் மலைக்கு வந்த ஈவ்லின் 1974இல் மறையும்வரை மலைமக்களிடையே உழைத்தார். 1914இல் அவர்களுக்கு மகனாகப் பிறந்த பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப் பெயர் பெற்ற அறுவை மருத்துவர். மதம் பரப்புவது அவர்கள் பணியின் மையம் என்பதால் அதை அரசுப் பள்ளிக்கு மாதிரியாக எடுக்க முடியாது. அவர்கள் செயலின் வரிசை மட்டும் கவனிக்கத் தக்கது: முதலில் மொழி, பிறகு குடியிருப்பு, பிறகு பள்ளி. நூறாண்டு கழித்து எழுதப்பட்ட விதி அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது: முதலில் பணியிடம், பிறகு வகுப்பு, மொழி இரண்டு ஆண்டில்.

செலவுக்கு எங்கே போவது என்பது கடைசி எதிர்ப்பு. ஏகலைவா பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ. 1.09 லட்சம் என்பது ஒன்றிய அரசின் நடப்புச் செலவு அளவு. 480 பேருக்கு ஏறத்தாழ ரூ. 5.23 கோடி. தகுதியுள்ள இரண்டு உள்ளூர்த் துணையாசிரியர்களுக்கு மாதம் ரூ. 25,000 வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு ரூ. 6 லட்சம். மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. பணமில்லை என்ற வாதம் இந்தக் கணக்கின்முன் எழாது.

தீர்ப்பு

எடைபோட்டதில் வரும் முடிவு இது. நாடு முழுக்க ஒரே தேர்வு என்பதைக் குறை சொல்லத் தேவையில்லை. அந்தத் தேர்வில் வட்டார மொழியைப் பின்னுக்குத் தள்ளி இந்தியைக் கட்டாயமாக்கியது தவறு. பழங்குடிப் பள்ளி என்ற நோக்கத்தையே அது அடியில் அறுக்கிறது. மாநில வழி அதைவிட மேல். ஆனால் தங்காத நிரந்தரரையும் நிரந்தரமில்லாத உள்ளூராரையும் தனித்தனியே வைத்து இரு பக்கமும் இழக்கிறது. மூன்றில் கொல்லிமலைக்குப் பொருந்துவது இணை ஏற்பாடு: வெளியிலிருந்து வரும் பாட ஆசிரியர், அவரோடு ஆறு, ஏழாம் வகுப்புகளில் சேர்ந்து நிற்கும் உள்ளூர்த் துணையாசிரியர்.

அதற்கு வேண்டியவை நான்கு. ஜூனில் பள்ளி திறக்கும் முன் மே மாதத்திலேயே புதியவர் இரண்டு வாரம் மலையில் தங்கி, துணையாசிரியரோடு பிள்ளைகளின் ஊர்களுக்குப் போய்வர வேண்டும். அதைப் பணிநாளாகக் கணக்கிட வேண்டும். இரண்டாவதாக, பேச்சுத் தமிழில் தேறாத ஆசிரியரை ஆறாம் வகுப்பில் தனியாக விடக்கூடாது. வளாகத்தில் குடும்பத்தோடு தங்கும் வீடும், மூன்று ஆண்டு முடித்தவருக்கு அடுத்த கலந்தாய்வில் தெளிவான முன்னுரிமையும் வேண்டும். துணையாசிரியருக்கு முறையான பதவியும், பணியிலிருந்தே தகுதி உயர்த்தி நிரந்தர ஆசிரியராகும் பாதையும் வேண்டும். பத்தாண்டில் மலையின் இயற்பியல் ஆசிரியர் அந்தப் பாதையில்தான் வருவார்.

இந்த நான்கில் எதைத் தள்ளிப்போட்டாலும் இரண்டாவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஆசிரியருக்கு விதி கொடுக்கும் இரண்டாண்டு அவகாசம் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆசிரியருக்கு அதன்பின் முப்பதாண்டுப் பணி மிச்சமிருக்கும். பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு திரும்ப வராது.